திறக்கிற காருக்கு நான் போட்ட கூரை

மச்சான்,

இன்று காலை ஒரு டப்பா ரெசினை வீணாக்கினேன். ஹார்ட்னரை ஊற்றிக் கலக்கிவிட்டு, படகில் பூசாமல், டப்பாவைக் கையில் பிடித்தபடி பட்டறை வாசலில் நின்று உன் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கை சுட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். ரெசின் டப்பாவுக்குள்ளேயே இறுகி, வெடித்து, புகைந்துகொண்டிருந்தது. முப்பது வருடமாகப் படகுக்குப் பைபர் அடிக்கிற எனக்கு இது நடக்கலாமா, சொல்லு. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் நினைவில் நீ வந்து நின்றாய். உனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "உண்ட பட்டறைக்குள்ள வந்தா செத்த மையத்துக்கும் மூக்கு எரியும்டா" என்று தொப்பியைக் கழற்றி மூக்கில் பிடித்துக்கொள்வாய். பிடித்தபடியே மணிக்கணக்காக அங்கேயே இருப்பாய்.

டப்பா கருகிய காரணத்தைச் சொல்கிறேன். உன் மகள் ரிஸ்னா வருகிறாள். நேற்று தோஹாவிலிருந்து போனில் குரல் அனுப்பியிருந்தாள். "மாமா, வெள்ளிக்கிழமை வாறேன். உம்மாட நாலு மாச இத்தாவும் முடிஞ்சிட்டுத்தானே, இனி வெளிய வரலாம். வாப்பாட காரக் கழுவி, கூரையத் தொறந்து வைங்க. உம்மாவ ஏத்திட்டுக் கடலோரம் ஒரு சுத்துப் போகணும். வேற ஒண்டும் எனக்கு வேணாம்." அதை ஏழு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் 'கூரையத் தொறந்து' என்ற இடத்தில் எழும்பி நடந்தேன். அந்தக் கூரை திறக்காது என்று அவளுக்குத் தெரியாது. அதைத் திறக்காமல் செய்தவன் நான் என்றும் தெரியாது. உன் ஜனாஸா அடக்கத்துக்கும் வந்து சேர முடியாமல் போன பிள்ளை அவள். இந்த ஒன்றைத்தான் கேட்டிருக்கிறாள்.

உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. உன் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவதும், அவ என்னை நானா என்று கூப்பிடுவதும் உன் கலியாணத்தன்று தொடங்கியது. நீ போன பிறகு அந்த இரண்டு வார்த்தையும் கனத்துவிட்டன. விஷயத்தைச் சொன்னேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னா: "சுவிச் பழுதுண்டு சொல்லுங்க நானா. பழைய கார்தானே. அவளுக்கு என்ன விளங்கப் போகுது?"

சொல்லலாம். அந்தக் காரைப் பற்றி நாம் இரண்டு பேரும் தங்கச்சிக்குச் சொன்ன பொய் கொஞ்சமா? கொழும்பு பஞ்சிகாவத்தைக்குக் கார் பாட்ஸ் தேடிப் போன நாளெல்லாம் உன் ஐஸ் பெக்டரிக்குச் சாமான் வாங்கப் போனோம் என்றுதானே சொன்னோம். ஆனால் இந்தப் பொய் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது.

எனக்கு அந்தக் காரை முதல் நாளே பிடிக்கவில்லை. உடப்புக்குப் போகிற பக்கம், கைவிட்ட இறால் பண்ணையில், ஓலைக் கொட்டிலுக்குள் கிடந்தது. இறால் பொன்னாக இருந்த காலத்தில் பண்ணை முதலாளி ஆசைப்பட்டு இறக்கிய ஜேர்மன் கார். இறாலுக்கு நோய் வந்து, தொட்டிகள் காய்ந்து, மனிதர் போனவர் போனவர்தான். கார் கிடந்தது. இரண்டு கதவு, கரும்பச்சை நிறம், தோல் இருக்கை. பின் இருக்கையில் ஆடு ஒன்று குட்டி போட்டுப் படுத்திருந்தது. துணிக்கூரையின் ஒரு மூலையை எலி தின்றிருந்தது. முதலாளியின் தம்பிக்கு அந்தப் பண்ணையில் கரண்ட் இல்லை; உன் பெக்டரியில் சும்மா கிடந்த பழைய ஜெனரேட்டரைக் கொடுத்து அந்தப் பீடையை, அந்த முஸீபத்தை மாற்றிக்கொண்டாய். ஊரிலும் அதற்கு 'முஸீபத்து' என்றே பெயரானது.

ஐஸ் லொறியில் கயிறு கட்டி இழுத்துவந்தோம். நான் லொறியில். நீ காரின் ஸ்டியரிங்கில். கூரையைக் கையால் மடித்து வைத்துவிட்டு, நம் ஊர் கண்டக்குழி வரைக்கும் ராசா மாதிரி வழியெல்லாம் சனத்துக்குக் கை காட்டிக்கொண்டு வந்தாய். பாலாவியில் நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கும்போது, "எஞ்சின் வேலை செய்யாத காருல என்னடா அப்படி ஒரு சிரிப்பு?" என்று கேட்டேன். "காத்து வருது மச்சான். காத்துக்கு எஞ்சின் வேணுமா?" என்றாய். இப்படிப் பதில் சொல்கிற ஆளோடு என்ன கதைப்பது.

அதை ஓட வைக்க இரண்டு வருடம் எடுத்தது. ஜேர்மன்காரன் பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வான். பெற்றோல் குழாய் படகு எஞ்சினுடையது. ரேடியேட்டர் பேன் யாருடையதோ வேனுடையது. நம் மணல் பாதையில் வயிறு உரசாமல் இருக்க, லொறி டயரை வெட்டி ஸ்பிரிங்கின் மேல் கட்டையாக வைத்துத் தூக்கினோம். அதற்குப் பிறகு கார் முழங்கால் வரைக்கும் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி ஆனது. எலி தின்ற மூலைக்கு, காற்றாடி கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் கிழிந்ததென்று எறிந்த காற்றாடித் துணியை வெட்டித் தைத்தாய். செம்மஞ்சள் நிறம். பச்சைக் காருக்குக் கறுப்புக் கூரை, அதில் செம்மஞ்சள் ஒட்டு. அசிங்கம் என்றேன். "தூரத்துலருந்து பார்த்தாலும் நம்மட கார் எண்டு விளங்கும்" என்றாய். ஊரில் வேறு யாரிடம்டா அந்தக் கார் இருந்தது!

கூரை முதல்முதல் தானாகத் திறந்த நாள் உனக்கு மறந்திருக்காது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய். சுவிச்சை அழுத்தினாய். பின்மூடி எழும்பியது, கூரை முனகிக்கொண்டே முதுகை மடித்தது, மடிந்து உள்ளே போய்ப் படுத்தது. வலைக்காரர் அத்தனை பேரும் கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, "டேய், மீன் போகுது, மீன் போகுது" என்று தலையில் கை வைத்துக் கத்தினார். பிறகு அவரும் வந்து, "இன்னொருக்காச் செய் பாப்பம்" என்றார்.

கூரையை இழுக்கிற எண்ணெய்க் குழாய் உன் தலைக்கு நேரே கசிந்தது. வெள்ளைத் தொப்பியில் வட்டமாக எண்ணெய். அந்தத் தொப்பியோடு ஜும்ஆவுக்குப் போய் முன் வரிசையில், முதல் சப்பில் நின்றாய். "பார்த்தியா, கார் எனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்குது. உண்ட தங்கச்சி வைக்கிறாவா?" என்று பள்ளி வாசலிலேயே கேட்டாய். சிரித்துச் சிரித்து தொழுகைக்குக் கழுவி எடுத்த என் ஒளூ முறியப் பார்த்தது.

பிறகு நான் செய்த மடத்தனம். காரின் தரை உப்புக் காற்றில் துரு தின்று அப்பளமாகியிருந்தது. கொண்டுவா, நான் பார்க்கிறேன் என்றேன். பைபர் நார் மெட்டை மூன்று படையாக விரித்து ரெசின் பூசி, படகின் அடி மாதிரி ஆக்கினேன். ஆக்கியதோடு விட்டேனா? கதவின் அடியில், இருக்கையின் கீழ், கூரை மடிகிற பள்ளத்தில் என்று ஓட்டை கண்ட இடமெல்லாம் அடைத்தேன். படகு வேலை செய்கிறவனுக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. அந்தக் கிழமையே குறிஞ்சிப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டுக்குத் தங்கச்சியோடு போனாய். மழை பிடித்தது. கூரையின் ஓரத்தால் உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்திருக்கிறாய். அலை மாதிரி உன் சாரனில் அடித்து, தங்கச்சியின் ஒற்றைச் செருப்பும் கூடவே இறங்கி வந்திருக்கிறது. அங்கேயே நின்று எனக்குப் போன் எடுத்தாய். "மச்சான், சரியான வேலைடா உண்ட வேலை. ஒரு சொட்டு வெளிய போகல்ல."

திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ சிரிப்பை நிறுத்தவே இல்லை.

கூரை திறக்கிற காருக்குள் மழை வரத்தான் செய்யும் என்று அதைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. வந்த தண்ணீர் போவதற்கு அவனே வழி வைத்திருக்கிறான். நான் வெட்கத்தோடு நாலு இடத்தில் துளை போட்டுத் தந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன் ஒரு சைக்கிள் கம்பியை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் குந்துவாய். நாலு துளையிலும் குத்தி, சேர்ந்த மணலைத் தட்டிவிடுவாய். "காருக்குக் காது குடையிறியா?" என்று நக்கலடிப்பேன். "வாறது வரட்டும்டா. போறதுக்கு வழி இருந்தாச் சரி" என்பாய். வேலை முடிந்ததும் கம்பியை வெயில் மறைப்புத் தட்டுக்குப் பின்னால் செருகிவிடுவாய்.

எனக்கு அது போதவில்லை. கசிகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, இன்றைக்கும் முடியாது. நாலு வருடமாக ஒரே பல்லவி: "பைபர்ல ஒரு கூரை வார்த்துத் தாறேன். போல்ட் போட்டு, ரெசின் வச்சு இறுக்கினா உண்ட பேரப்பிள்ளை காலத்துக்கும் ஒழுகாது." உன் பதிலும் ஒன்றேதான்: "திறக்காட்டி அதுக்கு நான் ஒரு வேன் வாங்கியிருப்பேனே."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை எழும்பிப் போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் முற்றத்திலேயேதான் நிற்கிறது. எங்கே போகப் போகிறது?

இனி அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் உன்னிடம் வாய் திறந்து சொல்லவில்லை.

உன் கண் மஞ்சளாகி, கால் வீங்கி, சிலாபம் ஆஸ்பத்திரியில் படுத்தாய். ஒரு தடவை வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது. "இரிடா" என்றாய். இருந்தேன். உன் கையில் ஊசி குத்தி ஒட்டியிருந்தார்கள்; மெலிந்த கைக்கு மணிக்கூட்டுப் பட்டி பெரிதாகி, அது முழங்கை வரைக்கும் வழுகியது. ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம்கூட அந்தக் கதிரையில் என்னால் இருக்க முடியவில்லை. வேலை இருக்கிறது என்று எழும்பிவிட்டேன். பஸ்ஸில் புத்தளம் வரும் வரைக்கும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

அடுத்த நாளே உன் காரைப் பட்டறைக்குள் ஏற்றினேன். நீ சுகமாகி வரும்போது ஒழுகாத கார் ஒன்று நிற்க வேண்டும். முதலில் திட்டுவாய், பிறகு சரி என்பாய். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துணிக்கூரையை அச்சாக வைத்து மெட் விரித்தேன். இறுகியதும் அந்தத் துணியை, உன் செம்மஞ்சள் ஒட்டோடு, கிழித்து எடுத்தேன். கூரையை மடிக்கிற இரும்புச் சட்டம், எண்ணெய்க் குழாய், பம்ப் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய இரும்பு ஏற்றுகிற லொறிக்குக் கொடுத்தேன். திரும்ப மாற்ற வழி வைக்காமல் செய்வதுதான் உறுதியான வேலை என்று நினைத்தேன். தங்கச்சி போன் எடுத்து, "நானா, உங்களக் கேட்குறாரு" என்று சொல்லும்போதெல்லாம், "போட் ஒண்டு அவசரம், நாளைக்குக் கட்டாயம் வாறேன்" என்றேன். எந்தப் படகும் இருக்கவில்லை, மச்சான். மூன்று கிழமை பட்டறையில் இருந்தது உன் கார் மட்டும்தான்.

உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். சுகமாகிவிட்டது என்று ஊர் முழுக்க நான்தான் சொல்லித் திரிந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் விளங்கியது. எனக்கு மட்டும் விளங்கவில்லை. விளங்க நான் விடவில்லை.

அடுத்த நாள் பத்து மணி போல, தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கே நடந்து வந்தாய். சாரன் இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் போட்டிருந்தாய். வாசலில் நின்றபடியே, "மச்சான், காரத் தொற. கடலோரம் ஒருக்காப் போய் வருவம். மூணு கிழமையா பேன் காத்து. முகத்துல நல்ல காத்துப் படணும் போல இருக்கு" என்றாய்.

நான் தார்ப்பாயை இழுத்தேன். வெள்ளை வெளேரென்று கூரை. பெயின்ட்கூட இன்னும் அடிக்கவில்லை.

நீ கிட்ட வந்து, விரல் மொட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாய். டொக், டொக். படகு வாங்க வருகிறவன் தட்டிப் பார்க்கிற மாதிரி.

"நல்ல வேலை" என்றாய்.

"ஒரு சொட்டுத் தண்ணி போகாது" என்றேன்.

"ஓம்" என்றாய். கூரையைத் தடவிக்கொண்டே, "காத்தும் போகாது" என்றாய்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். நாம் பிடிக்காத சண்டையா? நீ கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்டுவிட்டு மீனைத் திரும்பப் பெட்டியில் வைக்கிற ஆள் மாதிரி அவ்வளவு மெதுவாகச் சொன்னாய். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விளங்கியது, நீ சுகமாகி வரவில்லை என்று.

போனோம். நான் ஓட்டினேன், நீ இடப்பக்கம். உன் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. நாலு வருடம் கூரையைப் பற்றிக் கதைத்த நான் அதைத் திருத்தவில்லை. கண்ணாடியின் மேல் நாலு விரலை மட்டும் வெளியே போட்டுக்கொண்டு வந்தாய். விரல்களைக் காற்றில் விரித்து, மடக்கி, விரித்து. கரைவலை இடத்துக்குப் போகும் முன்னரே, "போதும் மச்சான், திருப்பு" என்றாய். வழியில் நித்திரையாகிவிட்டாய்.

பன்னிரண்டாம் நாள் மவுத்தானாய். உன்னை வைத்த சந்தூக்கின் மூடியைப் போடுகிற நேரம், "பிடிங்க, பிடிங்க" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் பிடித்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அன்று பின்னேரமே, அஸருக்கு முன் உன்னை அடக்கினோம். ரிஸ்னாவுக்கு விமானம் அடுத்த நாள்தான் இருந்தது; அடக்கிய பிறகு யார் முகத்தைப் பார்க்க என்று அவள் அப்போது வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கேட்டால் என்ன சொல்வேன்?

*

மேலே எழுதியதை ஒன்பது நாளாக அப்படியே விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இருந்து எழுதுகிற நிலையில் நான் இருக்கவில்லை.

உன் மகள் வந்தாள். தாயைக் கட்டிப் பிடித்து அழுது முடித்து, அஸர் தொழுதுவிட்டு நேரே காருக்குத்தான் வந்தாள். நான் அங்கே காலையிலிருந்து நிற்கிறேன். கழுவிய காரையே மூன்று தடவை கழுவியிருந்தேன். ஏறி உட்கார்ந்து சுவிச்சை அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள்.

"சுவிச் பழுதா மாமா?"

பார்த்தாயா, பொய்யை அவளே கையில் எடுத்துத் தந்தாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. தங்கச்சி வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா. நான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"பழுது இல்ல மக. நான்தான் மூடிட்டேன். ரெசின் வச்சு இறுக்கியிருக்கேன். திறக்கிற சாமான் ஒண்டும் உள்ள இல்ல."

இறங்கினாள். கூரையை விரல் மொட்டியால் தட்டினாள். டொக், டொக். யா அல்லாஹ், அதே தட்டு. அவளுக்கு யார் அதைச் சொல்லிக் கொடுத்தது?

"எந்த நேரம் செஞ்சீங்க?"

"வாப்பா ஆஸ்பத்திரியில இருக்கும்போது."

"மூணு கிழமையும்?"

"ஓம்."

"அப்ப நீங்க வாப்பாவப் பார்க்கப் போகல்லையா?"

"ஒருக்காப் போனேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஒவ்வொரு நாளும் நான் வாப்பாவுக்குப் போன் எடுப்பேன் மாமா. ஒவ்வொரு நாளும் சொல்லுவார், உங்கட மாமா இப்பத்தான் வந்துட்டுப் போறான் எண்டு. இளநி கொண்டு வந்தானாம், கால் அமத்தி விட்டானாம் எண்டு சொல்லுவார். மாமா பக்கத்துல இருக்கார்தானே எண்டு நான் டிக்கட்ட அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போட்டேன்."

நான் அப்படியே மணலில் குந்திவிட்டேன்.

எதற்குடா அப்படிச் சொன்னாய்? மகள் கவலைப்படக் கூடாது என்றா? என்னை அவள் குறைவாக நினைக்கக் கூடாது என்றா? வராத என்னை, வரவேண்டிய விதத்தில் வரவைத்து, அந்த வெறும் கதிரையில் ஒவ்வொரு நாளும் இருத்தி வைத்திருக்கிறாய். உன் கால் அமத்த எனக்கு என்ன நோவு? பத்து நிமிஷம் அமத்தியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பக்கத்தில் இருந்திருந்தால் உன் நிலை விளங்கி அவளுக்குச் சொல்லியிருப்பேன், அவளும் வந்திருப்பாள். உன் முகத்தைப் பார்த்திருப்பாள். நான் உனக்கு மூடியது காற்றை மட்டுமல்ல, மச்சான்.

ரிஸ்னா என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போனாள். நான் எழும்பிப் போகலாமா என்று பார்த்தேன். எப்போதும் அப்படித்தானே செய்வேன். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கழுவி, சால்வையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"வெட்டுங்க மாமா."

தங்கச்சி பதறிப்போனா. "மழைக்காலம் வருது மக! வெட்டினாப் பிறகு போட ஒரு கூரை இல்ல. கார் உக்கிப் போகும்."

"வாப்பாவே போயிட்டார் உம்மா. கார் நனையட்டும்."

பட்டறையிலிருந்து கிரைண்டரைக் கொண்டுவந்தேன். என் கையால் பூசிய ரெசினை என் கையால் அறுத்தேன். வெள்ளைத் தூள் பறந்து தலை, தாடி, கழுத்தெல்லாம் ஒட்டி அரித்தது. எவ்வளவு உறுதியாகச் செய்திருக்கிறேன் தெரியுமா? இரண்டு அறுக்கும் தட்டுத் தேய்ந்து முடிந்தது. உண்மையிலேயே நல்ல வேலைதான். கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து தூக்கி, தென்னைக்குக் கீழ் மல்லாக்க வைத்தோம். தூசியைத் தட்டுவோம் என்று வெயில் மறைப்பை மடித்தேன். உன் சைக்கிள் கம்பி மடியில் விழுந்தது.

ரிஸ்னா ஓட்டினாள். தாய் பின்னால். நான் இடப்பக்கம், நீ அன்று இருந்த இடத்தில். கண்டக்குழித் தெருவில் சனம் பார்த்தது. "முஸீபத்து வருது!" என்று யாரோ கத்தினார்கள். கடற்கரைப் பாதையில் திரும்பியதும் காற்று அடித்தது பார், மூச்சு விட முடியவில்லை, கதைக்க முடியவில்லை, கண் திறக்க முடியவில்லை. கையைத் தூக்கினேன். மேலே ஒன்றும் இல்லை. இவ்வளவுதானே நீ கேட்டாய். ஒரு சுத்து. இவ்வளவுதான். நான் சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதேன். பின்னாலிருந்து தங்கச்சி ஒரு துணியை நீட்டி, "நானா, மூக்கத் தொடைங்க. காத்துல எல்லாம் எங்கட பக்கம் வருது" என்றா. ரிஸ்னா சிரித்துவிட்டாள். தங்கச்சியும் சிரித்தா. நீ போன பிறகு அவ சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முந்தாநாள் ரிஸ்னா தோஹாவுக்குப் போனாள். போகும்போது எனக்குச் சலாம் மட்டும் சொன்னாள்.

கார் உன் முற்றத்தில் திறந்தபடி நிற்கிறது. மழை தொடங்கிவிட்டது. முதல் மழைக்குத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தங்கச்சி, "விடுங்க நானா" என்றா. தண்ணீர் இருக்கையில் விழுந்து, தரைக்கு இறங்கி, நாலு துளையாலும் போனது. ஒரு துளையில் மணல் அடைத்திருந்தது. கம்பியால் குத்திவிட்டேன். இந்த மழையைத் தாங்குமா, அடுத்த மழையைத் தாங்குமா, தெரியாது. கண்ணுக்கு முன்னால் ஒரு சாமான் பழுதாகிக்கொண்டிருக்கிறது, நான் அதை அடைக்காமல் நிற்கிறேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றைச் சொல்லத்தான் இந்தக் கடதாசியைத் திரும்ப எடுத்தேன். நம் கரைவலைச் சம்மாட்டி விழுந்து இடுப்பு உடைந்து சிலாபத்தில் படுத்திருக்கிறார். நேற்று பஸ் ஏறிப் போனேன். இளநீர் இரண்டு கொண்டுபோனேன். அதே மாதிரிக் கட்டில், அதே மாதிரிக் கதிரை. "இரி" என்றார். இருந்தேன். ஐந்து நிமிஷத்தில் கால் ஆடத் தொடங்கியது. சட்டைப் பையிலிருந்து உன் கம்பியை எடுத்து விரலுக்குள் உருட்டிக்கொண்டேன். "அது என்ன கம்பி?" என்று கேட்டார். "காது குடையிறது" என்றேன். அவருடைய கால் வீங்கியிருந்தது. கேட்காமலே மடியில் எடுத்து வைத்து அமத்தினேன். அந்த நேரம் கொழும்பிலிருந்து அவருடைய மகள் போன் எடுத்தாள். அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓம் மக, தனிய இல்ல. பைபர்காரர் வந்திருக்கார். இளநி கொண்டு வந்தார். கால் அமத்திட்டு இருக்கார். இல்ல மக, போகல்ல, இங்கதான் இருக்கார்."

நான் எழும்பவில்லை, மச்சான்.